ஏழுமலையான் ஜாமீன்

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் எங்கள் ஊரில் ஒரு ஆட்டுக்குட்டி விற்பனைக்குக்கூட ஜாமீன் நின்றவரில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போகிற ஆள். அப்பேர்ப்பட்ட மனிதர் கடல் கடந்து போய், அந்தத் தேசத்துப் பெண்களுக்கு ஏழுமலையானையே ஜாமீன் வைத்துவிட்டு வந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அம்சவேணிக்கு வாய் நீளம் என்று விஜயபுரம் பக்கம் கேட்டால் யாரும் சொல்வார்கள். ஆகவே நடுநடுவே அவரைத் திட்டினால் கண்டுகொள்ள வேண்டாம்.

அவர் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரர். பரங்கிமலையில் வேலை, வருஷத்துக்கு ஒரு முறை லீவு. எனக்குத் தாய் வீடு பள்ளிப்பட்டுக்குப் பக்கம். வாக்கப்பட்டது புத்தூர் தாலுகாவில், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில். அவருக்குக் கை ருசி உண்டு. ஆனால் அந்தக் கையால் எனக்குச் சமைத்துப் போட்டது லீவு நாட்களில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அவர் நைனாவுக்கும் தம்பிகளுக்கும் நான் பொங்கிப் போட்டுக்கொண்டு, தபால்காரன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தேர்தல் வந்தபோது தற்செயலாக லீவில் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அப்போது ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். நான் போட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள், ஒருத்தி கற்பூரம்கூடக் கொண்டுவந்திருந்தாள். திரும்பி வரும்போது யாருக்குப் போட்டாய் என்று கேட்டார். சொல்லக் கூடாது என்று ஆபீசர் சொன்னார், சொல்ல மாட்டேன் என்றேன். வீடு வரைக்கும் கேட்டுப் பார்த்தார். ராத்திரி சோறு போடும்போதும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லையே! நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷமே மதராஸ் ராஜ்யத்தைப் பிரித்து ஆந்திரா என்று ஆக்கினார்கள். சித்தூர் ஜில்லாவோடு நாங்களும் ஆந்திராவுக்குள் போனோம். எங்களை யார் கேட்டார்கள் என்று ஊரில் புகைச்சல். வீட்டில் தமிழ், தாசில்தார் ஆபீசில் தெலுங்கு என்று பழகியவர்கள்தான் நாங்கள், பாஷை ஒரு பாரமில்லை. கேட்கவில்லையே என்பதுதான் மனத்தாங்கல்.

அதற்கும் அடுத்த வருஷம் கடைசியில் அவரை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அங்கே நெடுநாள் சண்டை நின்று, நாட்டை நடுவில் ஒரு கோடு போட்டு வடக்கு, தெற்கு என்று பிரித்திருந்தார்கள். தெற்கே இருந்த வடக்குக் கட்சிப் போராளிகள் வடக்கே போய்விட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து நாடு முழுக்க ஓட்டு நடக்கும். அதற்குப் பிறகு கோடு கிடையாது. இதுதான் பெரிய தேசங்கள் கூடிப் பேசிய பேச்சு. பேச்சுப்படி நடக்கிறதா என்று பார்க்க போலந்து, கனடா, இந்தியா என்று மூன்று நாட்டுக் கமிஷன் ஒன்று. அதற்குத் தலைமை நம் இந்தியா. ஆபீசர்கள் சமாதானத்தைப் பார்த்துக்கொள்ளப் போனால், ஆபீசர்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? அப்படித்தான் செங்கல்வராயன் கப்பல் ஏறினார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்றார். நான் ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து, அவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று திருப்பதி வெங்கடாசலபதிக்கு வேண்டிக்கொண்டேன்.

அங்கே நடந்ததை அவர் எனக்குக் கோவையாகச் சொன்னதே இல்லை. வெங்காயம் நறுக்கும்போது ஒரு துண்டு, கிணற்றடியில் ஒரு துண்டு. மிச்சத்தைப் பிற்பாடு வெங்கடராகவன் என்பவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் திருப்பதிக்காரர், கோயில் கைங்கரியம் செய்கிற ஐயங்கார் குடும்பம், டெல்லியில் வேலை. கமிஷன் ஆட்களோடு காரியதரிசியாகப் போயிருந்தவர்.

குயிஞோன் என்ற துறைமுக ஊரில் அவர்களுக்கு முகாம். சமையல்கட்டில் பாத்திரம் கழுவவும் மீன் வாங்கி வரவும் லியென் என்று ஒரு பெண். என் வயதுதான். அவள் புருஷன் வடக்கே போக வேண்டியவர்களில் ஒருவன். கடைசிக் கப்பல் புறப்பட்ட அன்றைக்கு இவரும் கரையில் நின்று பார்த்தாராம். கப்பலில் இருந்த ஆண்கள் எல்லாரும் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்களாம். கரையில் இருந்த பெண்களும் இரண்டு விரலைக் காட்டினார்கள். இரண்டு வருஷம், ஓட்டு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அர்த்தம். அன்றைக்கு மத்தியானம் மெஸ்ஸில் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஆபீசர்கள் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

லியெனுக்கு உப்பு, சோறு, வா, போ என்று நாலு தமிழ் வார்த்தை வந்தது. இவருக்கும் அவள் பாஷையில் அதே அளவு. மீதி எல்லாம் கை ஜாடை. தினம் காலையில் அவள் வந்ததும் இரண்டு விரலைக் காட்டி, கண்ணால் இவரைக் கேட்பாள். இவர் தலையாட்டுவார். கமிஷன் ஆள் தலையாட்டினால் அவளுக்கு அன்றைய பொழுது ஓடும். ஆனால் நாளாக ஆகத் தெற்கத்தி சர்க்கார் தேர்தல் பேச்சுக்கே வர மாட்டோம் என்கிறார்கள் என்று மெஸ் மேசையில் பேச்சு அடிபட்டது. பரிமாறுகிறவன் காதுக்கு மூடி கிடையாது. ஒரு நாள் அவள் விரலைக் காட்டினாள். இவருக்குத் தலை ஆடவில்லை. அவள் மீன் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

கையில் ஒன்றும் இல்லாதபோது எங்கள் பக்கத்து மனிதன் என்ன செய்வான்? பிள்ளைக்கு ஜுரம், கோர்ட்டில் வழக்கு, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, எதுவானாலும் வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, காசு வைத்து, ஏழுமலையான் பேரைச் சொல்லி முடிவோம். காரியம் ஆனதும் மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போடுவோம். ஆகிற வரைக்கும் அது வீட்டில் விளக்குப் பக்கத்தில் இருக்கும். இவரும் அதைத்தான் செய்தார். மெஸ் மஞ்சளை எடுத்தார், துணியை நனைத்தார், அவளிடம் ஒரு காசு வாங்கி முடிந்தார். மலைமாதிரி கையைக் குவித்துக் காட்டி, அங்கே நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று ஜாடை செய்தார்.

அவர் நினைத்தது சாமிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வேண்டுதல். அவள் நினைத்தது வேறு. கமிஷன் ஆள் தன் கையால் மஞ்சள் துணியில் காசை முடிந்து வைத்துக்கொண்டான். ஓட்டு நடக்கும் என்று இந்திய தேசம் போட்ட முத்திரை அது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் திருப்பதியைக் கண்டாளா, உண்டியலைக் கண்டாளா!

அப்புறம் என்ன, சேதி பரவிவிட்டது. புருஷன் வடக்கே போன பெண்கள் மீனவர் குப்பங்களிலிருந்து சமையல்கட்டுப் பின்வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு காசு. முடியாது என்று சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வராது. அந்த வாயை எல்லாம் சேர்த்து ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டானே. வந்தவர்களுக்கெல்லாம் முடிந்து முடிந்து மாட்டினார். முறத்தளவு மஞ்சள் மூட்டை மிளகாய்க் கூடைக்குப் பக்கத்தில் தொங்கியது.

கொஞ்ச நாளில் உள்ளூர் அதிகாரி ஒருவர் கமிஷனிடம் வந்து கேட்டாராம், தேர்தல் நடக்கும் என்று நீங்கள் ஜனங்களுக்கு உறுதிமொழி கொடுத்து வருகிறீர்களாமே என்று. மூன்று நாட்டு ஆபீசர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெங்கடராகவன் விசாரித்துக்கொண்டே சமையல்கட்டுக்கு வந்தவர், மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்குப் புரியாது, அவர் திருப்பதி மாடவீதியில் வளர்ந்தவர்.

“பெருமாளை ஜாமீன் வெச்சுட்டயே செங்கல்வராயா. இந்திய சர்க்காரே அந்த அளவுக்கு வாய் விடலையே” என்றாராம்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். நாம் இங்கே சாட்சி, கட்சிக்காரன் இல்லை. இன்னொரு தேசத்தின் ஓட்டை நாம் நடத்தித் தர முடியாது. அவர்கள் ஒத்துக்கொண்டால் பக்கத்தில் நின்று நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு பக்கம் சாய்ந்தோம் என்று பேர் வந்தால் நாளைக்கு நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதான் என்றார்.

இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

“சாமி, நான் ஓட்டு நடக்கும்னு சொல்லல. நடக்கணும்னு முடிஞ்சி வச்சிக்கினு இருக்கறேன். அது தப்பா?”

வெங்கடராகவன் இந்த வித்தியாசத்தை இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி, அதை போலந்துக்காரருக்கும் கனடாக்காரருக்கும் எப்படி விளக்குவது என்று தலையைப் பிடித்துக்கொண்டாராம். கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். இவர் முதலில் லியெனிடம்தான் போனார். முடிச்சை நீட்டினார். அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முடிச்சை உள்ளேயே வைத்து மூடி, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். மற்ற பெண்களும் வாங்கிக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல், மூட்டையோடு இவரையே ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஓட்டு நடக்க வேண்டிய வருஷத்துத் தையில் வந்து சேர்ந்தார். பட்டாளத்து வேலையையும் விட்டுவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரமே மலைக்குப் போய் என் முடிப்பை உண்டியலில் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் விளக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் மூட்டை தொங்குகிறது. இது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான் அம்சா, ஆடியில் ஓட்டுக்குக் கெடு, அது வந்தால் காரியம் ஆகிவிடும் என்றார்.

ஆடி வந்தது. பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்து செய்தி கேட்பார், இருட்டினதும் வருவார். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார், துன்னாமல் எழுந்துவிடுவார். ஆடி போய் ஆவணி வந்தது. தேர்தல் இல்லை. ஒரு செய்திகூட இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. ஏர் பிடிப்பார், தண்ணீர் பாய்ச்சுவார், கேட்டால் பதில் சொல்வார். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிற மனிதர் அந்தக் கடற்கரையில் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஏங்கினதெல்லாம் அவர் கூட இருக்க வேண்டும் என்பதுதான். கூட இருந்தார், ஆனால் இல்லை. அதைவிடப் பரங்கிமலையே தேவலாம் என்று இருந்தது.

சண்டை போட்டேன். யாரு அந்த லியென், அவ புருசன் வந்தா உனக்கு இன்னா, வரலன்னா உனக்கு இன்னா என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நீங்க எல்லாம் கிடையாது, நீதான். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை வெங்கடராகவன் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், புத்தூரில் ரயில் ஏறிப் போய்விடுவார். ஓட்டைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பாராம். பார்ப்போம் என்று அவர் சொல்வாராம். அந்தப் பார்ப்போமை வைத்துக்கொண்டு அடுத்த வருஷத்தை ஓட்டுவார்.

இதற்குள் எங்கள் எல்லைத் தகராறு முற்றிவிட்டது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று தீர்த்துவைக்க டெல்லியிலிருந்து மத்தியஸ்தர் வருகிறார் என்றார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிராமம் கிராமமாக ஓட்டு வைத்துக் கேட்டால்தான் ஒத்துக்கொள்வோம் என்று மனு எழுதினார்கள். ஊர்ப் பெரியவர் கன்னையா இவரை முன்னால் இழுத்துவிட்டு, கடல் தாண்டித் தேர்தல் விவகாரம் பார்த்த ஆள் நீதான், ஓட்டு வைப்பாங்கன்னு நாலு பேருக்கு தைரியம் சொல்லு என்றார். கூட்டமே இவர் முகத்தைப் பார்த்தது.

“கேளுங்க. விடாம கேளுங்க. ஆனா நடக்கும்னு யாரும் யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க. பொம்பளைங்க நம்பிப் போவாங்க” என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

எங்கள் ஊருக்கும் ஓட்டு வரவில்லை. மத்தியஸ்தர் கணக்குப் பார்த்துக் கோடு போட்டார். 1960 ஏப்ரலில் பள்ளிப்பட்டும் திருத்தணியும் மதராஸுக்குப் போயின. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். பிறந்த வீடு ஒரு ராஜ்யம், புகுந்த வீடு ஒரு ராஜ்யம். அங்கே பட்டாசு வெடித்தார்களாம். நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன்.

“உனக்குப் பஸ் ஓடுது அம்சா. அவங்களுக்குப் பஸ் இல்ல” என்றார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் அழுகையில்கூட அந்த லியென் வந்து உட்கார்ந்துகொண்டாளே! மூட்டையை ஆணியிலிருந்து கழற்றினேன். இது ஒன்று இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். திருப்பதிக்குக் கிளம்பு, அந்த ஐயங்காரிடமே கேட்போம், ஓட்டு இல்லை என்று அவர் வாயால் சொன்னால் இன்றைக்கே உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

வெங்கடராகவன் அந்த வருஷம் வேலையை விட்டு வந்து, கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் சொந்த வீட்டிலேயே இருந்தார். வழக்கம்போல இவரைப் பார்த்துச் சிரித்தார். நான் உட்காரக்கூட இல்லை. சாமி, பார்ப்போம் கீர்ப்போம் எல்லாம் வேண்டாம், வருமா வராதா, ஒரே வார்த்தை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

“வராதும்மா” என்றார்.

வெங்கடராகவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, இவரைக் கைபிடித்து உட்கார வைத்தார். நாங்கள் சும்மா இருக்கவில்லை என்றார். பக்கத்துக் கம்போடியாவில் அந்தத் தேசத்தாரே ஓட்டு வைக்க ஒத்துக்கொண்டார்கள், நம்மவர்கள் போய்ப் பக்கத்தில் நின்றார்கள், நடந்தது. இங்கே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரன் கதவைத் திறந்தால் சாட்சி உள்ளே போகலாம். சாட்சியால் கதவைத் திறக்க முடியாது. இதை உன்னிடம் முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அங்கே வந்த பெண்களுக்கெல்லாம் உங்களைப் பற்றித்தான் சொல்லுவான் என்றார். பெண்களுக்குமா ஓட்டு, புருஷன் அடிக்க மாட்டானா என்று அவர்கள் கேட்பார்களாம். கமிஷன் துபாஷி எப்போதாவது சமையல்கட்டுப் பக்கம் வந்தால், பேச்சை மாற்றிச் சொல்ல அவரை நிற்க வைத்துக்கொண்டு, என் பொண்டாட்டி ஓட்டுப் போட்டாள், யாருக்குப் போட்டாள் என்று இன்றைக்கு வரைக்கும் என்னிடமே சொல்லவில்லை என்று சொல்லுவாராம். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். லியென் திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொல்லுவாளாம்.

இதை ஒரு தடவையாவது இந்த மனுஷன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

மலைக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தார். தரிசனம் ஆயிற்று. அவர் சாமியை நிமிர்ந்து பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. உண்டியல் முன்னால் வந்தோம். எனக்கு வேண்டியதும் இதுதானே, இதற்குத்தானே கூட்டி வந்தேன். அவர் மூட்டையை அவிழ்த்து, உண்டியலைச் சுற்றிக் கட்டிய துணிக்குள் கையை விட்டார். பின்னால் நின்றவர்கள் கோவிந்தா என்று தள்ளுகிறார்கள், கோயில் ஆள் ஜருகு ஜருகு என்று நகரச் சொல்கிறான். உள்ளே போன கை திறக்கவில்லை. முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது. ஊரார் பயந்தாங்கொள்ளி என்று சொன்னபோதுகூட அந்த முகத்தில் ஒன்றும் அசைந்ததில்லை.

அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூட்டையைப் பிடுங்கினேன். நானே போடப் போகிறேன் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதை என் முந்தானையில் சுற்றி இறுக முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைத் தள்ளிக்கொண்டு வெளிப்பிராகாரத்துக்கு வந்தேன்.

ஏன் என்று கேட்டார்.

“போட்டா காரியம் ஆயிடிச்சின்னு அர்த்தம். சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா? அந்தப் பொம்பளைங்க புருசனுங்க வர்ற அன்னைக்கு நானே கொண்டாந்து போடறேன். இனிமே இது என் வேண்டுதல். நான் வச்சிக்கினு காத்துக்கினு இருக்கறேன். நீ வூட்டுக்கு வாய்யா” என்றேன்.

அவர் அத்தனை ஜனத்துக்கு நடுவில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் தடுக்கவில்லை. கீழே வந்து ரயில் ஏறினதும் பசிக்கிறது என்றார். தோசை வாங்கிக் கொடுத்தேன், சட்னி சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே முழுக்கத் தின்றார். புத்தூர் வருகிற வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.